கருணைக்கொலை என்று எதையெல்லாம் சொல்கிறோம்?

தமிழில் கருணைக்கொலை. கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குள் கால் வைத்தால் மலையாளத்தில் தயாவதம். இரண்டு சொல்லிலும் முன்பாதி இரக்கம், பின்பாதி கொல்வது. எல்லைக்கு இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் இருக்கிற எங்களைப் போன்ற குடும்பங்களில் இரண்டுமே புழங்கும், ஆனால் அது எதைக் குறிக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கும். வென்டிலேட்டரை எடுப்பதும் அதுதான் என்பார்கள், மூக்குக் குழாய் போடாமல் விடுவதும் அதுதான், புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கொடுப்பதும் அதுதான், வெளிநாட்டில் டாக்டர் ஊசி போடுவதும் அதுதான். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளைத் தானம் கொடுப்பதைக்கூட அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வெறும் சொல் குழப்பமாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். எங்கள் பாட்டா பக்கவாதம் வந்து 12 நாள் ஐசியுவில் கிடந்தார். ஐந்தாவது நாளே ஒரு டாக்டர் எங்களை உட்காரவைத்து, மூளையில் பெரும்பகுதி போய்விட்டது, இனி ஓர்மை திரும்ப வாய்ப்பில்லை, சிகிச்சையை இன்னும் கூட்டிக்கொண்டே போகத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். பெரிய மாமா எழுந்து நின்று, "அப்போ கொல்லச் சொல்லுதீயளா டாக்டர்?" என்று கேட்டார். அதோடு பேச்சு நின்றது. டாக்டரும் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. இன்னும் ஏழு நாள் டயாலிசிஸ், ரத்தம், ஊசி என்று ஓடி, கடைசியில் பணம் தீர்ந்து, எங்கள் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று கையெழுத்துப் போட்டு ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வீட்டில் வைத்துக் குழாயை உருவினார்கள். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் பாட்டா மூச்சுக்குத் திணறினார், அதைத் தணிக்க ஒரு சொட்டு மருந்து எங்கள் கையில் இல்லை. அம்மை பால் கிண்ணத்தோடு நின்றுகொண்டே இருந்தாள். அந்த வாயில் எப்படி ஊற்றுவது?

நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. அதற்குப் பிறகு பல இடங்களில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன், அன்றைக்கு மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது இதைச் சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கத்தோடு.

மெஷின் என்ன செய்கிறது?

வழியில் பஸ் நின்றுபோனால் நாலு பேர் இறங்கித் தள்ளுவோம். தள்ளுவது இன்ஜினைச் சரிசெய்யாது. இன்ஜின் பிடிக்கிறவரைக்கும் வண்டியை நகர்த்தி வைத்திருக்கும், அவ்வளவுதான். பிடித்துவிட்டால் தள்ளினவர்கள் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். இன்ஜின் அடியோடு போய்விட்டது என்றால், ஊர் முழுக்கக் கூடித் தள்ளினாலும் கையை எடுத்த இடத்தில் வண்டி நிற்கும்.

வென்டிலேட்டர் என்பது இந்தத் தள்ளுதல்தான். வாய் வழியாகத் தொண்டைக்குள் ஒரு குழாயை இறக்கி, நுரையீரலுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற மெஷின். நிமோனியாவோ பாம்புக்கடியோ விபத்தோ, உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ள அவகாசம் வாங்கிக் கொடுப்பது அதன் வேலை. நோயை அது குணமாக்குவதில்லை.

இது உவமைக்காகச் சொல்வது மட்டும் இல்லை. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத்தசைகள் செயலிழந்து வந்த முதல் 31 நோயாளிகளில் 27 பேர் செத்துப்போனார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தலாம் என்றார். அமுக்க ஆள் வேண்டுமே? ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும், வாரக்கணக்கில் அமுக்கினார்கள். பலபேர் பிழைத்தார்கள். இன்றைய ஐசியு பிறந்தது அங்கேதான். அந்த மாணவர்களின் கை இருந்த இடத்தில் இப்போது மெஷின் இருக்கிறது. கை வலிக்கும், மெஷினுக்கு வலிக்காது, அதனால் எப்போது நிறுத்துவது என்ற கேள்வியை மெஷின் கேட்பதும் இல்லை. அந்தக் கேள்வி நம் தலையில் வந்து விழுந்தது அதற்கப்புறம்தான், அதற்கு முன்னால் மனித குலத்துக்கே இந்தப் பிரச்சினை கிடையாது.

சுருக்கமாக: ஐசியு மெஷின்கள் நேரம் வாங்கித் தருகின்றன. திரும்பி வரக்கூடிய உடம்புக்கு அந்த நேரம் உயிர். திரும்ப வழியில்லாத உடம்புக்கு அது சாவை நீட்டுகிற நேரம்.

ஒரே சொல்லுக்குள் அடைத்து வைத்தவை

இனி அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்.

நெதர்லாந்து, பெல்ஜியம், கனடா, ஸ்பெயின் போன்ற நாடுகளில் நடப்பது ஒன்று. தீராத நோயில், தாங்க முடியாத வேதனையில் இருக்கிற நோயாளி தானே, தெளிந்த மனதோடு, திரும்பத் திரும்பக் கேட்கிறார். சட்டம் சொல்லும் பரிசோதனைகள் முடிந்த பிறகு டாக்டர் மருந்தைச் செலுத்தி உயிரை முடித்துவைக்கிறார். இதற்குச் செயல்வழிக் கருணைக்கொலை என்று பெயர். நேர் பொருளில் கருணைக்கொலை என்றால் இது ஒன்றுதான். இந்தியாவில் இது குற்றம், யார் கேட்டாலும், யார் செய்தாலும்.

சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலும் வேறு மாதிரி. அங்கே டாக்டர் மருந்துக்கு எழுதிக் கொடுக்கலாம், அதை உட்கொள்வது நோயாளியின் கை. இது மருத்துவ உதவியுடன் தற்கொலை. ஓரிகனில் 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டில் இதுவும் தற்கொலைக்குத் துணைபோகிற குற்றமாகத்தான் ஆகும்.

மூன்றாவதுதான் எங்கள் பாட்டா விஷயத்தில் பேசப்பட்டது. பலன் தராது என்று தெரிந்துவிட்ட உயிர்காப்புச் சிகிச்சையைத் தொடங்காமல் விடுவது, அல்லது தொடங்கியதை நிறுத்துவது. தள்ளுகிற கையை எடுப்பது. நீதிமன்றத் தீர்ப்புகளில் இதைச் 'செயலற்ற கருணைக்கொலை' என்று எழுதினார்கள், பத்திரிகைகளும் அதையே பிடித்துக்கொண்டன. இந்த இடத்தில்தான் பெருங்குழப்பம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018-இல் வெளியிட்ட சொல் விளக்கத்தில், அந்தப் பெயரையே இனிப் பயன்படுத்த வேண்டாம், சிகிச்சையை நிறுத்துதல் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டது. சரியான யோசனை என்றுதான் எனக்கும் படுகிறது.

ஊசி போடுவதற்கும் மெஷினை எடுப்பதற்கும் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, இரண்டிலும் ஆள் சாகத்தானே செய்கிறார் என்று கேட்கலாம். இரண்டும் ஒன்றுதான் என்று வாதாடுகிற தத்துவ ஆசிரியர்கள் உண்டு, அவர்களை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் இப்படி யோசித்துப் பாருங்கள். ஊசி போட்ட பிறகும் ஆள் சாகவில்லை என்றால், செய்ய நினைத்த காரியம் நடக்கவில்லை. மெஷினை எடுத்த பிறகு ஆள் தானாகவே மூச்சுவிட்டால்? எல்லோருக்கும் சந்தோஷம்தான், யாரும் மறுபடி எதையும் செய்ய மாட்டார்கள்.

இது நடந்தே இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கேரன் ஆன் குயின்லன் என்ற 21 வயதுப் பெண் 1975-இல் நினைவிழந்து விழுந்தார். நினைவு திரும்பவே இல்லை. வென்டிலேட்டரை எடுக்கச் சொன்னது அவருடைய பெற்றோர், அதுவும் கோயிலுக்குத் தவறாமல் போகிற கத்தோலிக்கர்கள். ஆஸ்பத்திரி மறுத்தது, வழக்கு போட்டார்கள், 1976-இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. மெஷினை எடுத்தார்கள். கேரன் சாகவில்லை. தானே மூச்சுவிட்டபடி இன்னும் ஒன்பது வருடம் கிடந்து 1985-இல் நிமோனியாவில் இறந்தார். உணவுக் குழாயைப் பெற்றோர் கடைசிவரை எடுக்கவே இல்லை. மகளைக் கொல்ல வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நான்காவது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லக் கூசுகிறது. விருதுநகர், மதுரை, தேனிப் பக்கத்துச் சில ஊர்களில் தலைக்கூத்தல் என்று நடந்துவந்தது. படுத்த படுக்கையான முதியவரை, அவரைக் கேட்காமலே, குடும்பமே சேர்ந்து முடித்துவிடுவது. 2010-இல் ஒரு பெரியவர் தன் வீட்டார் திட்டம் போடுவதைக் கேட்டுவிட்டு ஓடித் தப்பித்த பிறகுதான் இது வெளியே பெரிதாகப் பேசப்பட்டது. இதைக் கருணைக்கொலையின் நாட்டுப்புற வடிவம் என்பதுபோல் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் கடும் கோபம் உண்டு. கேட்காமல் செய்தால் அது கொலை. கருணை என்ற முன்பாதி அதற்குப் பொருந்தாது.

ஆக, நோயாளி கேட்டு டாக்டர் முடித்துவைப்பது, டாக்டர் எழுதிக் கொடுத்து நோயாளி முடித்துக்கொள்வது, பலனில்லாத சிகிச்சையை நிறுத்துவது, கேட்காமலே முடித்துவிடுவது. நான்கும் வேறு வேறு. நம் நாட்டில் சட்டம் அனுமதிப்பது மூன்றாவதை மட்டும்.

மார்ஃபினும் மூளைச்சாவும்

இந்த இரண்டையும் பட்டியலிலேயே சேர்க்கக் கூடாது.

மூளைச்சாவு என்றால், நம் சட்டப்படி, மூளைத்தண்டின் இயக்கம் முழுதும் மீளமுடியாமல் நின்றுபோவது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் இதை மரணமாக ஏற்கிறது. இறந்தவரிடமிருந்து மெஷினை எடுப்பதில் கொலை எங்கே வந்தது? உறுப்புத் தானத்துக்குக் குடும்பம் சம்மதிக்காவிட்டாலும், மூளைச்சாவு உறுதியானால் மெஷினை நிறுத்தலாம் என்று கேரளம் 2020-இல் வழிகாட்டுதலே கொடுத்துவிட்டது. கோமா வேறு, அதில் மூளை உயிரோடுதான் இருக்கிறது.

மார்ஃபின் கதை இன்னும் வருத்தமானது. புற்றுநோயின் கடைசிக் கட்ட வலிக்கும், சாகும் தறுவாயில் வரும் மூச்சுத்திணறலுக்கும் அதைப்போல் கேட்கிற மருந்து குறைவு. தெரிந்த டாக்டர் சின்ன அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினால் அது ஆளைக் கொல்வதில்லை. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருந்துக்கடைகளும் ஆஸ்பத்திரிகளும் அதைத் தொடவே பயந்தன, நாட்டில் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு அதலபாதாளத்துக்குப் போனது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கினார்கள். என்றாலும் "மார்ஃபின் தொடங்கியாச்சா, அப்போ முடிஞ்சுது" என்கிற பேச்சு இன்னும் போகவில்லை. அந்தப் பேச்சால் எத்தனை பேர் வலியோடு போயிருப்பார்கள் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

எண்ணம் எப்படி மாறியது?

உலகம் இதில் மெல்ல மெல்லத்தான் நகர்ந்திருக்கிறது, நகர்ந்ததற்குப் பெரிய காரணம் சாவு மாறியதுதான். நம் கொள்ளுப்பாட்டன் காலத்தில் காலராவோ அம்மையோ நாலு நாளில் கொண்டுபோய்விடும். இப்போது சர்க்கரை, இதயம், சிறுநீரகம், மறதிநோய் என்று வருடக்கணக்கில் இழுக்கிறது. "இழுத்துக்கிட்டு கெடக்காவ" என்று எங்கள் ஊரில் சொல்வோமே, அந்த இழுத்தலின் நீளம்தான் கூடியிருக்கிறது.

அமெரிக்காவில் கேலப் நிறுவனம் ஒரே கேள்வியைப் பல காலம் கேட்டிருக்கிறது: தீராத நோயாளியும் குடும்பமும் வேண்டினால், வலியில்லாத வழியில் உயிரை முடிக்க டாக்டரை அனுமதிக்கலாமா? 1947-இல் 37 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 2018-இல் 72 சதவீதம். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. 2013-இல் அதே நிறுவனம் கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டது. 'வலியில்லாமல் உயிரை முடிக்க' என்று கேட்டபோது 70 சதவீதம் ஆதரவு, 'தற்கொலை செய்துகொள்ள உதவ' என்று கேட்டபோது 51 சதவீதம். அதே ஊர், அதே வருடம். சொல் மாறினால் எண்ணம் இத்தனை மாறுகிறது என்றால், சொல்லுக்குள்ளேயே கொலையை வைத்திருக்கிற நமக்கு எப்படி இருக்கும்!

நெதர்லாந்தில் ஒரு பெண் டாக்டர் தன் சொந்தத் தாய்க்கு ஊசி போட்டு, 1973-இல் நீதிமன்றம் அவருக்குப் பெயரளவுக்கு ஒரு வாரத் தண்டனையை, அதையும் நிறுத்திவைத்துக் கொடுத்தது. அங்கே விவாதம் வெடித்தது அப்போதுதான். சட்டம் நடைமுறைக்கு வர 2002 ஆனது. கிட்டத்தட்ட 30 வருடம் பேசியிருக்கிறார்கள். 2023-இல் அங்கே இப்படி இறந்தவர்கள் 9,068 பேர், அந்த வருடத்து மரணங்களில் 5.4 சதவீதம்.

எங்கள் மாவட்டத்தில் ஆலயமணி கேட்காத ஊர் குறைவு என்பதால் இதையும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை கருணைக்கொலையை முழுக்க எதிர்க்கிறது, ஆகவே மெஷினை எடுப்பதும் பாவம் என்று எங்கள் பக்கத்து வீட்டு உபதேசியாரே நம்பிக்கொண்டிருந்தார். ஆனால் போப் பன்னிரண்டாம் பயஸ் 1957-இலேயே, சாதாரணச் சிகிச்சையை மறுக்கக் கூடாது, அசாதாரணமான சிகிச்சையைத் தொடர்ந்தே ஆகவேண்டும் என்ற கடமை இல்லை என்று மயக்க மருந்து டாக்டர்களிடம் சொல்லியிருக்கிறார். கேரனின் பெற்றோர் பற்றிக்கொண்டது இதைத்தான். வலியைத் தணிக்க மருந்து கொடுப்பதையும் திருச்சபை தடுக்கவில்லை. இதை விளக்கியபோது உபதேசியார் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார், அவருக்கும் ஒரு அண்ணன் ஐசியுவில் போனவர்.

நம் மண்ணுக்கு இந்தக் கேள்வி புதிதும் இல்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விட்டதும், நேரில் கண்டிராத நண்பர் பிசிராந்தையார் வந்து கூடச் சேர்ந்ததும் எல்லோருக்கும் தெரியும். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாதிருந்து முடிந்தார் என்று கல்வெட்டே இருக்கிறது. அவர்கள் நோயாளிகள் அல்லர், டாக்டர் யாரும் கூட நிற்கவில்லை, ஆகவே இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தப்பு. சாவை எப்போதும் தோல்வியாகவே பார்த்த ஊர் இது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தியச் சட்டம் நடந்த தூரம்

கேரளத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நோய் இல்லை, குறை இல்லை, நிறைவாக வாழ்ந்துவிட்டேன், நிறைவோடு போக அரசு வழிசெய்ய வேண்டும் என்று கேட்டார். 2000-இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது, எந்தக் காரணத்துக்காகத் தன் உயிரை முடித்தாலும் அது தற்கொலைதான் என்று.

மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரியின் செவிலியர் அருணா ஷான்பாக் 1973-இல் வன்முறைக்கு ஆளாகி, மூளை பாதித்து, அதே ஆஸ்பத்திரியில் 42 வருடம் கிடந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதி கேட்டு ஒரு எழுத்தாளர் போட்ட வழக்கை 2011-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. காரணம், அவரைப் பார்த்துக்கொண்ட கேஇஎம் செவிலியர்கள் கூடாது என்றார்கள். படுக்கைப்புண் வராமல் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தத் தீர்ப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சட்டத்தைவிட அந்தக் கைகள்தான் ஞாபகம் வரும். ஆனால் அதே தீர்ப்புதான், உயர் நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை நிறுத்தலாம் என்று முதல் கதவையும் திறந்தது.

2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி, சிகிச்சையை நிறுத்துவதையும், பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிற லிவிங் வில்லையும் அனுமதித்தது. வைத்த நடைமுறை மிகக் கடினமாக இருந்ததால் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது. கர்நாடக அரசு 2025-இல் இதைச் செயல்படுத்த உத்தரவு போட்டது. கொல்லம் அரசு மருத்துவக் கல்லூரியில் 2024-இல் லிவிங் வில் பற்றி விளக்குவதற்கென்றே ஒரு கவுன்டர் திறந்தார்கள்.

சட்டம் இதுவரை வந்திருக்கிறது. ஊசிக்கு அனுமதி இல்லை. பலனில்லாத சிகிச்சையை, முறைப்படி, நிறுத்தலாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

பாறசாலையில் இருக்கிற அத்தைக்கு இரண்டு வருடம் முன்னால் கணையத்தில் புற்றுநோய். கீமோ இனி வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அதன்பிறகு பஞ்சாயத்திலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பார், கூட அதே வார்டுக்காரர் ஒருவர் தன்னார்வமாக வருவார். வலிக்கு மார்ஃபின் மாத்திரை, மலச்சிக்கலுக்கு மருந்து, வாய் காயாமல் துடைக்கிற முறை, எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இதற்குப் பேலியேட்டிவ் கேர் என்று பெயர். நோயைத் துரத்தாமல் வலி, திணறல், பயம், தனிமை ஆகியவற்றுக்குச் செய்யும் வைத்தியம். 1993-இல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் தொடங்கியது ஊர் ஊராகப் பரவி, 2008-இல் கேரள அரசு அதற்கென்று கொள்கையே வகுத்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலின் அமைப்பு இன்று திருவனந்தபுரத்தில் இருக்கிறது, எங்களுக்கு இரண்டு மணி நேரத் தூரம். தமிழ்நாட்டில் 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து பார்க்கும் இந்தச் சேவை உண்டு. கேட்டு வாங்கத்தான் ஆள் குறைவு.

அத்தை ஒருமுறை, நோய் முற்றிய புதிதில், "எனக்கு ஒரு ஊசி போட்டு முடிச்சு விடச் சொல்லு மக்களே" என்று அழுதாள். வலி அடங்கி ஒரு வாரம் தூங்கினபிறகு அந்தப் பேச்சு வரவில்லை. பேத்திக்குக் காது குத்த நாள் பார்த்தாள். எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல வரவில்லை, எந்த மருந்துக்கும் அடங்காத வேதனை உண்டு, அப்படி இருப்பவர் ஊசியைக் கேட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் "யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது" என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் தினமும் வருகிற வார்த்தை. வலிக்கு மாத்திரை கிடைக்காத, பீத்துணி மாற்ற ஆள் இல்லாத வீட்டில் ஒரு பாட்டி சாவைக் கேட்டால், அது அவளுடைய விருப்பமா, நம்முடைய குறையா? மாற்றுத்திறனாளிகள் பலர் இந்தச் சட்டங்களைப் பார்த்துப் பயப்படுவதும் இதனால்தான். ஊசிச் சட்டம் வேண்டுமா என்ற விவாதத்துக்கு முன்னால் நமக்கு அந்த நர்ஸ் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்று, ரப்பர் தோட்டக்காரர்களுக்குப் புரியும். வெட்டி அகற்றப்போகிற கிழ மரத்தில், கடைசிச் சொட்டுப் பாலையும் எடுக்க மேலும் கீழும் பட்டையெல்லாம் கீறுவார்களே, கடும்வெட்டு. பாட்டா உடம்பில் கடைசி நாட்களில் ஊசி குத்தாத இடம் இல்லாததைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அத்தை உடம்பில் ஒரு கீறல் இல்லை.

சோறும் தண்ணீரும்

எல்லாவற்றிலும் கஷ்டமான கேள்வி இதுதான். மெஷினை எடுக்கச் சம்மதிப்பவர்கள்கூட மூக்குக் குழாய் என்றதும் நடுங்குவார்கள். பட்டினி போட்டுச் சாகடிப்பதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. பேலியேட்டிவ் நர்ஸ் சொன்னது மனதில் நின்றது: சாப்பிடாததால் அவர் சாகவில்லை, செத்துக்கொண்டிருப்பதால் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. கடைசி நாட்களில் உடம்பு பசியை விட்டுவிடுகிறது, அந்த நேரத்தில் குழாய் வழியாக ஊற்றுவது நெஞ்சில் தேங்கித் திணறலைக் கூட்டவும் செய்யும். ஒரு ஸ்பூன் கேட்டால் ஒரு ஸ்பூன், உதட்டை நனைக்க ஈரப்பஞ்சு. ஆனால் இது சாகும் தறுவாயில் இருப்பவருக்கு. வருடக்கணக்கில் நினைவில்லாமல், ஆனால் மற்றபடி நிலையாகக் கிடக்கும் ஒருவரின் உணவுக் குழாய் என்பது வேறு, மிகக் கடினமான கேள்வி. அதில் சட்டென்று தீர்ப்புச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

லிவிங் வில் எழுதுவது எப்படி?

சொத்து உயில் நாம் செத்த பிறகு பேசும். லிவிங் வில், நாம் உயிரோடு இருந்தும் பேச முடியாதபோது நமக்காகப் பேசும். 18 வயது நிறைந்த, தெளிந்த மனமுள்ள யாரும் எழுதலாம். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம், நம் சார்பில் முடிவெடுப்பது யார் என்று இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்து. ஒரு நகல் குடும்பத்துக்கு, ஒன்று வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்கு, ஒன்று உள்ளாட்சி அலுவலகத்துக்கு. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்.

அதை வைத்துக்கொண்டு யாரும் ஓடிப்போய் மெஷினைப் பிடுங்கிவிட முடியாது. சிகிச்சை தரும் டாக்டரும் இரண்டு நிபுணர்களும் அடங்கிய குழு முதலில் பார்க்கும், பிறகு வேறு மூவர் கொண்ட இரண்டாவது குழு பார்க்கும், இதில் ஒருவரை மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிப்பார். ஒவ்வொன்றும் 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்வது நல்லது என்கிறது தீர்ப்பு. நிறுத்துவதற்கு முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போகும். கருத்து வேறுபட்டால் உயர் நீதிமன்றம். வில் எழுதி வைக்காதவருக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே இரண்டு குழு வழி உண்டு. எங்களுக்கும் இருந்திருக்கிறது, அன்று யாருக்கும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தால் இந்தக் குழுவும் கிடையாது, மூச்சுத்திணறலுக்கு மருந்தும் கிடையாது.

போன ஆவணியில் அம்மைக்கு எழுதினோம். சாட்சிக்கு உபதேசியாரும் எதிர்வீட்டு அக்காவும் வந்தார்கள். வென்டிலேட்டர், டயாலிசிஸ் என்று நான் ஒவ்வொன்றாக வாசித்து விளக்கினேன், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டதற்கு, "வாய எனக்கு விட்டு வையுங்க மக்களே, பாட்டாவுக்கு நான் கிண்ணத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னது போல நீ நிக்க வேண்டாம்" என்றாள். அதை அவள் சொன்னபடியே கடைசி வரியாக எழுதினேன். நோட்டரி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இருக்கட்டும் என்று முத்திரை வைத்தார்.